பதிவேடு இல்லாத படிவம்

கேம்ப் வாழ் தமிழன்பர்கள் ஒருவரையொருவர் காண்பதற்குக் கூட்டம் கூட்ட வேண்டிய அவசியமில்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில் சிவாஜி மார்க்கெட்டுக்குக் காய்கறி வாங்கச் சென்றால் பாதிச் சங்கத்தையும், மாலையில் மகாத்மா காந்தி சாலையில் உலவினால் மீதிச் சங்கத்தையும் கண்டுவிடலாம். சில மாதங்களுக்கு முன் அவ்வாறு மார்க்கெட் வாயிலில் நம்மைக் கண்ட ஒரு தாயார், வழக்கம் போல் நலம் விசாரியாமல் முகத்தைத் திருப்பிக் கொண்டார். நாமே அருகிற் சென்று, "என்னம்மா, நம்மீது வருத்தமா?" என்று கேட்டோம். "வருத்தப்பட்டு என்ன ஆகப் போகிறது? பிள்ளைக்குத் தமிழ் வகுப்பில் இடமில்லையென்றால் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே" என்றார்.

நமக்கு ஒன்றும் விளங்கவில்லை. இடமில்லையென்று நாம் எவருக்கும் சொன்னதில்லை. அந்த அம்மையார் தம் கைப்பேசியை எடுத்து ஒரு படத்தைக் காட்டினார். சங்கத்தின் இணையதளத்தில் உள்ள வகுப்புச் சேர்க்கைப் படிவத்தை நிரப்பி அனுப்பியவுடன் திரையில் தோன்றிய வாசகத்தை அவர் அப்படியே பிடித்து வைத்திருந்தார். "நன்றி. தங்கள் விண்ணப்பம் பெறப்பட்டது" என்பதே அவ்வாசகம். பெறப்பட்டதென்று நமது பெயரால் சொல்லப்பட்டிருக்கிறது. ஆனால் நாம் பெறவில்லை. பதிலுக்காக அக்குடும்பம் ஆறு வாரம் காத்திருந்து, பின்னர் நாம் ஒதுக்கிவிட்டோம் என்று முடிவு கட்டியிருக்கிறது.

அன்று மாலையே நிர்வாகக் கமிட்டியில் இவ்விஷயத்தை எடுத்துரைத்தோம். இவரைப் போல் இன்னும் எத்தனை பேர் என்பதே முதற் கேள்வியாக எழுந்தது. அதற்கு விடை கூற நம்மால் இயலவில்லை, இன்றும் இயலாது. ஏனெனில், வந்து சேராத விண்ணப்பங்களுக்கு எங்கும் பதிவே இல்லை. தவறு நேர்ந்ததென்பதைக் காட்டிலும், அத்தவற்றின் அளவை அறியும் வழியும் இல்லாமற் போனதே நம்மை மிகவும் வருத்தியது.

பூனாவில் 1817-ஆம் ஆண்டில் கண்டோன்மென்ட் ஏற்பட்ட பின், படையோடும் படையைச் சார்ந்த வாணிகத்தோடும், பின்னர் 1858-இல் இவ்வூரை எட்டிய இரயிலோடும் தமிழ் மக்கள் வந்து குடியேறினர். இன்று கணினித் தொழிலுக்காக வருவோர் ஹிஞ்சவடியிலும் கராடியிலும் வேலை பார்க்கின்றனர். வந்த காலமும் தொழிலும் வேறானாலும், வந்தவர் தேடும் பொருள் ஒன்றே: இங்கே நம்மவர் இருக்கின்றனர், நம்மை அழைப்பர் என்னும் நம்பிக்கை. சங்கத்தின் படிவம் அந்த நம்பிக்கையின் வாயிற்கதவாகும். தட்டியவருக்கு "வாருங்கள்" என்று சொல்லிவிட்டுக் கதவைத் திறவாமல் இருப்பது, தட்டாதே என்று சொல்வதைக் காட்டிலும் கொடியது.

முன்பு எவ்வாறு இருந்தது?

இணையதளம் வருவதற்கு முன் சங்கத்தில் நீள நோட்டு ஒன்று இருந்தது. வந்தவர் பெயரைச் சொல்வார், காரியதரிசி எழுதிக் கொள்வார், வந்தவர் கையொப்பமிடுவார். அந்த நோட்டு மழையில் நனைந்திருக்கிறது, ஓரங்களைக் கரையான் அரித்திருக்கிறது. ஆயினும் எழுதப்பட்ட பெயர் எழுதப்பட்டதாகவே நின்றது. ஆட்களுக்குச் சொல்லியனுப்ப மறந்தாலும் நோட்டைப் புரட்டினால் பெயர் அகப்படும்.

நாம் பின்னர் வைத்த இணையப் படிவமோ நோட்டு அன்று. அது ஒரு தூதுவன் மாத்திரமே. விண்ணப்பதாரர் எழுதியதை வாங்கி, மின்னஞ்சலாக்கிச் சங்கத்தின் முகவரிக்கு அனுப்பிவிட்டுத் தன் கையில் ஒரு நகலும் வைத்துக் கொள்ளாது. தூதுவன் வழியில் விழுந்தால் செய்தியும் அவனோடு போயிற்று. நகல் வைத்துக் கொள்ளும் வசதி அப்படிவத்தின் கட்டணப் பதிப்பிலே மட்டும் உண்டு என்பதைப் பிற்பாடுதான் அறிந்தோம். அந்நிபந்தனை முன்னரே எழுதித்தான் இருந்தது. படியாமல் விட்டது நம் குற்றம். ஆதலின் அதன் பெயரை இங்குக் குறிப்பிடவில்லை.

தூதுவன் ஏன் விழுந்தான்?

இதன் காரணத்தை அன்பர்கள் அறிந்து கொள்வது நன்று. பிற ஊர்ச் சங்கங்களுக்கும் இது பயன்படும்.

நமது படிவம் அனுப்பிய மின்னஞ்சலில் "அனுப்புநர்" என்னும் இடத்தில் விண்ணப்பதாரரின் முகவரியே இருக்கும்படி நாம் அமைத்திருந்தோம். பதில் எழுத எளிதாயிருக்கும் என்பது நம் எண்ணம். ஆனால் அக்கடிதம் உண்மையில் புறப்படுவது விண்ணப்பதாரரின் அஞ்சற் கணக்கிலிருந்து அன்று. நமது இணையதளம் இருக்கும் கணினியிலிருந்து. ஒருவர் பெயரை உறையின் மீது எழுதி வேறொருவர் தபாலிற் சேர்ப்பதைப் போன்றது இது. மோசடிக் கடிதம் விடுப்போரும் இவ்வாறே செய்கின்றனர். ஆகவே அஞ்சல் நிறுவனங்கள் இத்தகைய கடிதங்களை ஐயுறுகின்றன. 2014 ஏப்ரலில் யாஹூ, தன் முகவரியை இட்டு வேறிடத்திலிருந்து புறப்படும் கடிதங்களைப் பெறுவோர் திருப்பிவிட வேண்டும் என்று நெறி வகுத்தது. 2024 பிப்ரவரி முதல் ஜிமெயிலும் யாஹூவும் அனுப்புவோர்க்குரிய விதிகளை மேலும் இறுக்கின. விளைவு என்ன? ஒருவர் விண்ணப்பம் வந்தது. மற்றொருவருடையது குப்பை அஞ்சற் பெட்டியில் விழுந்தது. வேறொருவருடையது எங்கும் வந்து சேரவில்லை. சில வந்து கொண்டிருந்தமையாலேயே எல்லாம் வருகின்றன என்று நாம் மயங்கியிருந்தோம்.

பரிகாரம் எளிது. அனுப்புநர் என்னும் இடத்தில் சங்கத்தின் சொந்த இணைய முகவரியை இட்டு, விண்ணப்பதாரரின் முகவரியைப் "பதிலுக்குரிய முகவரி" என்னும் இடத்தில் வைத்தல் வேண்டும். அன்றியும், கடிதத்தை இணையதளக் கணினி தானே வீசியெறியாமல், கடவுச்சொல்லிட்டு நுழையும் முறையான அஞ்சற் கணக்கின் வழியே அனுப்புதல் வேண்டும். இவ்விரண்டையும் செய்தோம். ஆயினும் தூதுவனை நடக்கப் பழக்குவதோடு நில்லாமல், நோட்டு ஒன்றும் வேண்டுமென்று கமிட்டி தீர்மானித்தது. அதற்குப் படிவத்தையே மாற்ற வேண்டியதாயிற்று.

இலவசம் என்பது யாது?

கட்டணப் பதிப்பை வாங்கிவிடலாமே என்று சில அங்கத்தினர் கூறினர். ஆண்டுதோறும் டாலர்க் கணக்கில் கொடுக்க வேண்டிய தொகை அது. அங்கத்தினர் சந்தாவால் நடக்கும் சங்கத்திற்கு அது பாரம். ஓராண்டு கட்டத் தவறினால் மீண்டும் பழைய கதையே. கூகிள் படிவம் போதுமே என்றனர் வேறு சிலர். அது கட்டணமற்றது, எளியது, விண்ணப்பங்களையும் சேர்த்து வைக்கும். ஆயினும் ஒரு தடை உண்டு. அப்படிவம் யாருடைய கூகிள் கணக்கில் தொடங்கப்படுகிறதோ அவருக்கே அது உரியதாகும். நம் காரியதரிசிகளோ மாற்றலாகிச் செல்பவர்கள். படைத்துறை அலுவலரும் கணினிப் பொறியாளரும் இரண்டு ஆண்டுகளுக்கு மேல் இவ்வூரில் இருப்பர் என்று உறுதி சொல்ல முடியாது. அவர் சென்றபின் அவருடைய சொந்தக் கணக்கில் நம் குழந்தைகளின் பெயர்ப்பட்டியல் தங்கிவிடும்.

நமது இணையதளம் வேர்ட்பிரஸ் என்னும் மென்பொருளால் அமைந்தது. மாட் முல்லன்வெக், மைக் லிட்டில் என்னும் இருவர் 2003 மே மாதத்தில் வெளியிட்ட இம்மென்பொருளால் இன்று உலகத்து இணையதளங்களில் பத்தில் நான்குக்கும் மேற்பட்டவை இயங்குகின்றன. இதை எவரும் பெறலாம், பயன்படுத்தலாம், மாற்றலாம், பிறர்க்கு வழங்கலாம் என்பதே இதன் உரிமம். இதனோடு சேர்த்துப் பொருத்தும் துணை மென்பொருள்களைப் பிளகின் என்பர். தமிழில் செருகுநிரல் என்று வழங்குவது முண்டு. வேர்ட்பிரஸின் அதிகாரபூர்வப் பட்டியலில் இடம் பெறும் பிளகின்கள் யாவும் இதே உரிமத்திற்கு இயைந்திருக்க வேண்டும்.

ஆனால் எல்லா இலவசமும் ஒரு தன்மையன அல்ல. முழுச் சாப்பாட்டையும் அன்புடன் இடும் இலவசம் ஒன்று. சோற்றை இட்டுக் குழம்புக்கு விலை கூறும் இலவசம் மற்றொன்று. இரண்டாவதைக் குறை கூறுவதற்கில்லை. அதை ஆக்கியவரும் பிழைக்க வேண்டும். எனினும் பந்தியில் உட்காரும் முன் இலையில் எவை விழும் என்று கேட்டுக் கொள்வது உண்போர் கடமை.

நாம் கேட்ட ஐந்து கேள்விகள்

கராடியில் பணிபுரியும் நம் இளைஞர் இருவர் இப்பணியை ஏற்றனர். பெயர் வெளியிட வேண்டாமென்று அவர்கள் வேண்டிக் கொண்டனர். அவர்களுடன் அமர்ந்து, எந்தப் பிளகினை நோக்கினும் ஐந்து கேள்விகள் கேட்பதென்று வகுத்துக் கொண்டோம். வரும் விண்ணப்பத்தை நமது தளத்திலேயே கட்டணமின்றிச் சேமிக்குமா? சேமித்தவற்றைப் பட்டியலாக வெளியே எடுக்க விடுமா? தமிழில் எழுதினால் எழுத்துச் சிதையாமல் இருக்குமா? கணினி அறியாத காரியதரிசியும் ஒரு கேள்வியைச் சேர்க்கவோ நீக்கவோ இயலுமா? ஆக்கியோர் அதனைத் தொடர்ந்து புதுப்பித்து வருகின்றனரா?

ஜப்பானியரான தகயுகி மியோஷி 2007 முதல் வழங்கிவரும் காண்டாக்ட் ஃபார்ம் 7 என்பது இத்துறையில் மூத்தது. பல லட்சம் தளங்களில் உள்ளது. அது தானாக விண்ணப்பங்களைச் சேமிப்பதில்லை. ஆயின் அவரே ஃபிளமிங்கோ என்னும் வேறொரு பிளகினைச் சேமிப்புக்கென்று இலவசமாக அளித்துள்ளார்; இரண்டையும் சேர்த்தால் குறை தீரும். எனினும் படிவத்தைக் குறிச்சொற்களால் எழுத வேண்டியிருப்பதால் நம் நான்காம் கேள்வியில் அது தயங்கிற்று. நிஞ்சா ஃபார்ம்ஸ், ஃபுளூயண்ட் ஃபார்ம்ஸ், ஃபோர்மினேட்டர் ஆகிய மூன்றும் தத்தம் இலவசப் பதிப்பிலேயே விண்ணப்பங்களைச் சேமிப்பன; கட்டங்களை இழுத்து வைத்துப் படிவம் அமைக்க இடந்தருவன. ஒரு விடையைப் பொறுத்து அடுத்த கேள்வியைக் காட்டவோ மறைக்கவோ செய்யும் வசதியும் நமக்கு வேண்டியிருந்தது. குழந்தை வகுப்புக்கு எழுதுவோரிடம் கேட்பதை முதியோர் மருத்துவ முகாமுக்கு எழுதுவோரிடம் கேட்க வேண்டுவதில்லை அன்றோ? அவ்வசதியை இலவசமாகவே தருவனவற்றுள் ஃபோர்மினேட்டரைத் தேர்ந்தோம். இதுவே தலைசிறந்ததென்று தீர்ப்புக் கூற நாம் வரவில்லை. நம் தேவைக்கு இது பொருந்திற்று.

பொருந்தியதென்று அயர்ந்துவிடலாகாது. 2020 டிசம்பரில் காண்டாக்ட் ஃபார்ம் 7-லும், 2022 ஜூனில் நிஞ்சா ஃபார்ம்ஸிலும், 2023 ஆகஸ்டில் ஃபோர்மினேட்டரிலும் பாதுகாப்புக் குறைகள் வெளிப்பட்டன. ஆக்கியோர் அவற்றைத் திருத்திப் புதிய பதிப்பு வெளியிட்டனர். திருத்தம் வந்தும் பழைய பதிப்பையே வைத்திருந்த தளங்களுக்கே ஆபத்து நீடித்தது. ஆகவே, பிளகின் புதுப்பிப்பு வந்துள்ளதா என வாரம் ஒருமுறை பார்ப்பது இனி இணைக் காரியதரிசியின் கடமை எனத் தீர்மானப் புத்தகத்தில் எழுதிக் கையொப்பமிட்டுள்ளோம்.

பெயர் எழுதும் இடம்

படிவத்தை மாற்றப் போய், வேறொரு குறையும் நம் கண்ணிற் பட்டது. பழைய படிவத்தில் "முதற்பெயர்", "குலப்பெயர்" என இரண்டு கட்டங்கள், இரண்டும் கட்டாயம். மராட்டிய நண்பர்களுக்கு இது இயல்பு. தம் பெயர், தந்தை பெயர், குலப்பெயர் என்று வரிசையாக எழுதுவர். நம்மவருக்கோ தந்தையின் பெயரின் முதலெழுத்தும் தம் பெயருமே உண்டு. கிடைத்த பழைய விண்ணப்பங்களை எடுத்துப் பார்த்தபோது, குலப்பெயர்க் கட்டத்தில் ஒருவர் முதலெழுத்தை இட்டிருந்தார். ஒருவர் ஊர்ப்பெயரை எழுதியிருந்தார். ஒருவர் வெறும் புள்ளி வைத்திருந்தார். ஒரு முதியவர் "இல்லை" என்று எழுதியிருந்தார். அரசாங்க அலுவலகத்திலும் வங்கியிலும் இக்கட்டத்தின் முன் நின்று திகைத்து வரும் நம் மக்களைச் சங்கத்தின் வாசலிலும் அவ்வாறே திகைக்க வைத்திருக்கிறோம்! இப்போது ஒரே கட்டம்; "தாங்கள் வழங்கும் முழுப்பெயர்" என்பதே அதன் தலைப்பு. தமிழிலோ ஆங்கில எழுத்திலோ எழுதலாம்.

மின்னஞ்சல் முகவரியும் முன்பு கட்டாயமாயிருந்தது. சோலாப்பூர் பஜார்ப் பக்கத்தில் வாழும் பாட்டிமார் எத்தனை பேருக்கு மின்னஞ்சல் உண்டு? தொலைபேசி எண் ஒன்றே போதும் என மாற்றினோம். அதுவும் இல்லாதோர் வருந்த வேண்டா. புதிய நோட்டு ஒன்றும் வாங்கி வைத்துள்ளோம்.

ஆதார் எண், பிறந்த நாள், வருமானம் ஆகியவற்றை அறவே நீக்கினோம். வகுப்பில் சேர்க்கக் குழந்தையின் வயது தெரிந்தால் போதாதா? 2023-ஆம் ஆண்டில் பாராளுமன்றம் நிறைவேற்றிய மின்னிலக்கத் தனிமனித விவரப் பாதுகாப்புச் சட்டம், 18 வயது நிரம்பாதோரின் விவரங்களைக் கையாளப் பெற்றோரின் சம்மதம் வேண்டும் என்கிறது. அதற்குரிய விதிகள் 2025 நவம்பரில் வெளியாகி, படிப்படியாக நடைமுறைக்கு வருவனவாக அமைந்துள்ளன. சட்டம் சொல்வதற்கு முன்பே நம் மனம் சொல்ல வேண்டிய விஷயம் இது. பிறர் வீட்டுப் பிள்ளையின் பெயரும் முகவரியும் நம்மிடம் உள்ள அடைக்கலப் பொருள். வகுப்பாண்டு முடிந்ததும் அவற்றை அழித்துவிடுவோம்.

மாற்றிய முறை

பிற சங்கத்தார் கேட்கக் கூடுமாதலின் சுருங்கச் சொல்வோம். முதலில் இணையதளம் முழுவதற்கும் நகல் எடுத்தோம். பழைய படிவத்தை உடனே நீக்காமல், எவர் கண்ணுக்கும் படாத ஒரு பக்கத்தில் புதியதை அமைத்துச் சோதித்தோம். புதிய கைப்பேசியில் ஒருவரும் பழைய கைப்பேசியில் ஒருவருமாகத் தமிழிலும் ஆங்கிலத்திலும் நிரப்பி அனுப்பி, ஒவ்வொன்றும் பதிவில் ஏறிற்றா, அறிவிப்பு அஞ்சல் வந்ததா என்று தனித்தனியே குறித்தோம். அதன் பின்னரே வகுப்பு, நூலகம், மருத்துவ முகாம் ஆகிய மூன்று பக்கங்களிலும் பழைய படிவத்தின் குறியீட்டை எடுத்துப் புதியதை வைத்தோம். ஒரு பக்கம் மறந்து போயிருந்தால் அங்கே பழைய தூதுவன் இன்னும் நின்று கொண்டிருப்பான்.

ஒரு சிறு இடறலும் நேர்ந்தது. பதிவுகளைப் பட்டியலாக எடுத்து எக்செலில் திறந்தபோது தமிழ்ப் பெயர்கள் யாவும் புரியாத குறிகளாகத் தோன்றின. பதிவு கெட்டுவிட்டதோ என அஞ்சினோம்; கெடவில்லை. கோப்பை நேரே திறவாமல், எக்செலின் தரவுப் பகுதி வழியாக உள்ளே கொணர்ந்து யூ.டி.எஃப்.-8 என்னும் எழுத்து முறையைத் தேர்ந்தால் தமிழ் தமிழாகவே வருகிறது.

தளத்தின் கடவுச்சொல் இனி ஒருவரிடம் மட்டும் இராது. காரியதரிசி, இணைக் காரியதரிசி இருவருக்கும் தனித்தனி நுழைவுப் பெயர் உண்டு. மாற்றலாகிச் செல்பவர் கணக்குச் சாவியை ஒப்படைப்பது போலவே இதையும் ஒப்படைத்துச் செல்ல வேண்டும். ஒவ்வொரு மாதமும் முதல் ஞாயிறன்று கமிட்டியார் ஒருவர் தாமே படிவத்தை நிரப்பி அனுப்பிப் பார்ப்பார். "பெறப்பட்டது" என்று திரை சொல்வதை இனி நாம் நம்புவதாக இல்லை. பதிவேட்டில் கண்டால்தான் நம்புவோம்.

அன்பர்களுக்கு ஒரு விண்ணப்பம்

இத்தனை நாளும் நீங்கள் நமக்கு விண்ணப்பித்தீர்கள். இப்போது நாம் உங்களுக்கு விண்ணப்பிக்கிறோம். கடந்த இரண்டு ஆண்டுகளில் இணையதளத்தின் வழியாகத் தமிழ் வகுப்புக்கோ, நூலகத்துக்கோ, மருத்துவ முகாமுக்கோ எழுதிப் பதில் பெறாதவர்கள் யாராயிருப்பினும், தயை கூர்ந்து நமக்குத் தெரிவிக்க வேண்டும். தங்கள் பெயரை நாம் தள்ளவில்லை; தங்கள் பெயர் நம்மிடம் வந்து சேரவில்லை. எனினும் பொறுப்பு நம்முடையதே. அதற்காக மன்னிப்புக் கோருகிறோம். இவ்விதழைப் படியாத அண்டை வீட்டாருக்கும், ஊரைவிட்டுச் சென்று மீண்டும் வந்தோருக்கும் இச்செய்தியைச் சொல்லுங்கள். மார்க்கெட்டில் யாரேனும் சங்கத்தின் பெயரைக் கேட்டு முகத்தைத் திருப்பினால், காரணத்தை வினவி நம்மிடம் அழைத்து வாருங்கள்.

முதலிற் சொன்ன அந்தத் தாயாரின் வீட்டுக்குச் சென்று நடந்ததைக் கூறினோம். அவர் காப்பி கொடுத்துவிட்டு, புதிய படிவத்தைத் தாமே நிரப்பி அனுப்பினார். திரையில் நன்றி தோன்றியது. "இப்போதாவது கிடைத்ததா?" என்றார். நாம் நம் கைப்பேசியில் பதிவேட்டைத் திறந்து அவர் மகனின் பெயரைக் காட்டினோம். அவர் அதை இரண்டு முறை படித்துப் பார்த்த பிறகுதான் தலையசைத்தார்.

அந்தப் பையன் இப்போது ஞாயிறுதோறும் வகுப்புக்கு வருகிறான். இடம் இன்னும் இருக்கிறது.